சோதித்த பிறகே வாக்கு

மாணவர்களே, வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்குப் பிடித்தவருக்குக் கை உயர்த்துகிறோம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், வேலை செய்து பார்க்காமல் போடவே கூடாத வாக்கு ஒன்று உண்டு. திறந்த மூல மென்பொருளை வெளியிடும்போது போடப்படும் வாக்குதான் அது.

திறந்த மூல மென்பொருளின் நிரல்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். நாம் அன்றாடம் பார்க்கும் பல இணையத்தளங்கள் இவற்றின் துணையோடுதான் இயங்குகின்றன. 1999-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் இத்தகைய திட்டங்கள் பல நடக்கின்றன.

அங்கே புதிய பதிப்பு தயாரானதும் வாக்கெடுப்பு நடக்கும். ஆதரவுக்கு +1, எதிர்ப்புக்கு -1. திட்டத்தை நிர்வகிக்கும் குழுவினரிடமிருந்து குறைந்தது 3 ஆதரவு வாக்குகள் வேண்டும். எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாகவும் இருக்க வேண்டும். பொதுவாக 72 மணி நேரமாவது வாக்கெடுப்பு திறந்திருக்கும். கோலாலம்பூரில் இரவு என்றால் நியூயார்க்கில் பகல். உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்களுக்கு அவகாசம் தேவையல்லவா?

இந்த எண்களைவிட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. +1 போடுபவர் முதலில் மூல நிரல் தொகுப்பைத் தம் சொந்தக் கணினியில் பதிவிறக்க வேண்டும். அதன் மின்னியல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். பிறகு தாமே அதை இயங்கும் மென்பொருளாக மாற்றிச் சோதிக்க வேண்டும். “நண்பர் நல்லவர், அவர் செய்தது சரியாகத்தான் இருக்கும்” என்று வாக்களிக்க இடமில்லை. அறிவியலில் ஒருவரின் முடிவை வேறொருவர் தனியாகச் செய்து பார்த்து உறுதிப்படுத்துவது போன்றதே இது.

எதிர்ப்பு வாக்கிலும் ஒரு நுட்பம் உள்ளது. நிரலில் செய்யும் ஒரு மாற்றத்தை, தகுந்த தொழில்நுட்பக் காரணத்தோடு ஒரே உறுப்பினர்கூட தடுத்து நிறுத்தலாம். ஆனால், பதிப்பின் வெளியீட்டை ஒருவரால் மட்டும் தடுக்க முடியாது. இது நியாயமா? நியாயம்தான் என்பேன். ஒருவரின் மறுப்பால் வெளியீடு நின்றுகொண்டே போனால், பயனர்கள் பழைய பிழைகளோடு தவிப்பார்கள். அதே வேளையில், கடுமையான குறையை யாராவது சுட்டிக்காட்டினால், பெரும்பாலும் வாக்கெடுப்பையே கைவிட்டுத் திருத்துகிறார்கள். அதாவது, எண்ணிக்கையைவிட ஆதாரத்துக்கே அங்கு மதிப்பு.

அப்படியானால் தவறே நடக்காதா? நடந்திருக்கிறது. அப்பாச்சியின் லாக்4ஜே மென்பொருளில் 2013-இல் நுழைந்த ஒரு பாதுகாப்புக் குறை 2021 டிசம்பரில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டு உட்பட எத்தனையோ சேவைகள் பாதிக்கப்படும் நிலையில் இருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த பதிப்புகள் எல்லாம் வாக்கெடுப்பைத் தாண்டியவையே. எனவே வாக்கெடுப்பு வீண் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தச் சோதனையும், நாம் தேடும் பிழையைத்தான் காட்டும், தேடாததைக் காட்டாது. ஆகவே, இன்னும் அதிகமான கண்கள் வேண்டும், இன்னும் கடினமான கேள்விகள் வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

அப்பாச்சியில் குழு உறுப்பினர் அல்லாதவரும் சோதித்துத் தம் கருத்தை வாக்காகச் சொல்லலாம். அது கணக்கில் சேராது. ஆனால், அவர் கண்டுபிடித்த பிழை நிச்சயம் கவனிக்கப்படும். கணினியில் ஆர்வமுள்ள உங்களுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அதுவரை, அடுத்த அறிவியல் குழுப் பணியிலேயே இதைத் தொடங்குங்கள். அறிக்கையில் பெயர் எழுதும் முன், ஒவ்வொருவரும் அளவீடுகளையும் கணக்குகளையும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். மூவராவது “நான் சரிபார்த்தேன்” என்று சொன்ன பிறகே ஆசிரியரிடம் கொடுங்கள். மற்றவர் செய்ததன் கீழ் வெறுமனே பெயர் போடுவது நட்பு ஆகலாம், அறிவியல் ஆகாது.