பெண்கள் விடுதிக்கு மட்டும் பூட்டா?

கல்லூரி விடுதியில் பெண்களின் செல்போனைச் சாயங்காலமே வாங்கி வைத்து விட வேண்டும் என்கிற அம்மாக்கள் நம்மில் நிறைய பேர். இந்த விஷயம் 2019-ல் கேரள ஐகோர்ட் வரை போனது.

கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூர் ஸ்ரீ நாராயணா கல்லூரி பெண்கள் விடுதியில் முதலில் இரவு 10 முதல் காலை 6 வரை போனுக்குத் தடை. பிறகு அதையே மாலை 6 முதல் இரவு 10 வரை என்று மாற்றினார்கள். பிள்ளைகள் படிக்கிற நேரமே அதுதானே! மறுத்த மாணவி ஃபஹீமா ஷிரின் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். பெண்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று வழக்குப் போட்டார். அவரைத் திரும்பச் சேர்க்கும்படி செப்டம்பர் 19-ந் தேதி நீதிபதி பி.வி.ஆஷா தீர்ப்பளித்தார். இன்டர்நெட் வசதி கல்வி உரிமையில் அடங்கும். அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாத வரை எப்போது, எப்படிப் படிப்பது என்பதை வயது வந்த பிள்ளைகளே முடிவு செய்யலாம் என்றார்.

எங்கள் சானமாவு பக்கம் காட்டு யானை நடமாட்டம். பொழுது சாய்ந்தபின் பஸ் இறங்கி நடக்கப் பயந்துதான் என் மகளை விடுதியில் விட்டிருக்கிறோம். அங்கேயும் 6 மணிக்குப் போன் வார்டன் பீரோவுக்குப் போய் விடுகிறது. நோட்ஸ், அசைன்மென்ட் எல்லாம் இ-மெயிலில்தான் வருகிறது. எதில் படிப்பாள்?

கண்டதைப் பார்ப்பார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. அடுத்த பெண்ணைத் தெரியாமல் போட்டோ எடுப்பது, அடுத்தவர் பாஸ்வேர்டில் நுழைவது, பொய்ப் பெயரில் மெயில் அனுப்புவது இதெல்லாம் தப்பு என்று எழுதிப் போட்டு, செய்தவரைத் தண்டிக்கட்டும். பையன்களுக்கும் அதே சட்டம் இருக்கட்டும். அட்மிஷன் அன்று எங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மணிக்கணக்கு மட்டும்தான் இருந்தது.

- ஒரு வாசகி, சானமாவு.