தம்புள்ளையில் பென்சில் எடுங்கள்

தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் போகும் கட்டடக்கலை மாணவர்கள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பென்சிலை எடுக்க வேண்டும். ஐந்து குகைகளில் பெரியதான மகாராஜ விகாரையின் நீளம் 50 மீட்டருக்கும் மேல். பகல் வெளிச்சமோ முன்சுவரின் வாசல், சன்னல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வாசலை ஒட்டிய சிலைகளில் அது தங்கும், உள்ளே போகப் போக மங்கும். பாறைக் கூரையின் ஓவியங்கள் கண் பழகிய பிறகே துலங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கேமரா சமன் செய்துவிடுகிறது. வரைபவரோ ஒவ்வொரு நிழலுக்கும் பென்சிலை எவ்வளவு அழுத்துவது என்று முடிவெடுத்தாக வேண்டும். 1938இல் எழுந்த வெண்ணிற முன்தாழ்வாரம் வெயிலைத் தணித்து உள்ளே அனுப்புவதும் அப்போதுதான் பிடிபடும். அங்கே மின்விளக்குகளை இன்னும் கூட்டச் சொல்பவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை.