பௌர்ணமிக்குத்தான் போகணுமா? திருவண்ணாமலையை ஒரு சாதாரண நாளில் பாருங்க!

பௌர்ணமி இரவு கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது முன்னால் நடப்பவரின் முதுகுதான், மலை இல்லை. 14 கி.மீ. நடந்து, விடியற்காலையில் பஸ் பிடித்து, மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிவோம். ‘திருவண்ணாமலை போயாச்சு’ என்று ஸ்டேட்டஸும் வைத்துவிடுவோம். ஆனால், ஊரைப் பார்த்தோமா?

ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தின் பாத், ஜெர்மனியின் பாடன்-பாடன், செக் நாட்டின் கார்லோவி வாரி எல்லாம் வெந்நீர் ஊற்றுகளால் வளர்ந்த ஊர்கள். அந்தக் காலத்தில் உடம்பு சரியில்லாதவர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குவார்கள். ஊற்றுநீரில் குளிப்பதோடு, ஊரைச் சுற்றியுள்ள பாதைகளில் நடப்பதும் வைத்தியம்தான். 2021-ல் இப்படிப்பட்ட 11 ஊர்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குளியல் கட்டடங்கள் மட்டுமல்ல, பூங்காக்கள், நடைபாதைகள், சுற்றியுள்ள இயற்கைச் சூழலும் சேர்ந்ததுதான் அந்தப் பெருமை.

நம்மிடம் என்ன இருக்கிறது?

இங்கே மலையே லிங்கம் என்பது நம்பிக்கை. அதனால்தான் மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுகிறோம். கூட்டம் இல்லாத ஒரு புதன்கிழமை விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் மலை வேறு வடிவம் காட்டும். எட்டுத் திசை லிங்கங்களிலும் நிதானமாக நிற்கலாம். மறுநாள் காலை ரமணாசிரமத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால், ரமணர் வாழ்ந்த ஸ்கந்தாசிரமம், விருபாட்ச குகை. மேலே இருந்து பார்த்தால், 217 அடி ராஜகோபுரத்தோடு மொத்தக் கோயிலும் கீழே விரியும். இன்னொரு நாள் இருந்தால் தென்பெண்ணையில் கட்டிய சாத்தனூர் அணை, கிழக்கே செஞ்சிக்கோட்டை.

இதில் என்ன அவசரம்?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையின் சரிவில் மண்ணும் பாறையும் உருண்டு, வ.உ.சி. நகரில் வீட்டோடு புதைந்தவர்கள் 7 பேர். அதில் 5 பேர் குழந்தைகள். அந்த ஆண்டு மகா தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. பிறகு நாம் வழக்கம்போல அடுத்த பௌர்ணமிக்கு டிக்கெட் போட்டோம்.

பௌர்ணமிக்குப் போவது தப்பில்லை, அது அவரவர் நம்பிக்கை. ஆனால், மலையைக் கும்பிடும் ஊரில் மலைச்சரிவும், ஓடைகளும், குளங்களும் கோயிலின் பகுதியாகவே காக்கப்பட வேண்டாமா? சரிவில் குடியிருப்பவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாடகை கட்டுப்படியாகாமல்தான் அங்கே ஏறுகிறார்கள். அவர்கள் பிழைப்பு கெடாத தூரத்தில் பாதுகாப்பான வீடு கிடைக்கணும். கூட்டத்துக்காகப் போடும் திட்டங்களில் மலைக்கும் ஒரு பங்கு வேணும்.

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. ஓடி வந்து ஓடிப் போகாமல் ரெண்டு நாள் தங்குவோம், தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்து வருவோம். மலையைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான், அது சரியும்போது வலிக்கும்.