முதல் தோல்வியைத் துடைக்காதீர்

தாராவி கும்பர்வாடாவில் பானை வாங்குகிறவர் அதை விரலால் தட்டிப் பார்க்கிறார். கணீரென்று ஒலித்தால் எடுத்துக்கொள்வார். ஒலி பிசகினால் கீழே வைத்துவிடுவார். பிசகிய பானையையே மூன்று முறை தட்டி, மூன்றாம் தட்டில் ஓசை தேவலை என்று காசு கொடுக்கும் அறிவாளியை நாம் கண்டதில்லை. ஆனால் கணிப்பொறி பயிலும் நம் தோழர்கள், மாட்டுங்காவிலாயினும் செம்பூரிலாயினும், இதைத்தான் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார்கள். சோதனை தோற்றால் மறுபடி ஓட்டு. தோற்றால் இன்னொரு முறை ஓட்டு. பச்சை விளக்கு எரிந்ததும் எழுந்து தேநீர் குடிக்கப் போ!

மற்றத் துறை நண்பர்களுக்காக ஒரு சொல். இணையப் பக்கம் ஒன்றைக் கட்டியபின் ஆள் உட்கார்ந்து பொத்தான் பொத்தானாக அழுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். இன்று உலாவியை நிரலே இயக்குகிறது. பெயரை எழுதுகிறது, பொத்தானை அழுத்துகிறது, வந்த விடை சரியா என்று பார்க்கிறது. 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியமும், 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட்டும் இதற்கான கருவிகள். நம் நகருக்கும் இது அயலார் தொழிலன்று. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் 2011-ல் நிறுவிய பிரௌசர்ஸ்டேக், சோதனைக்கென்று உலாவிகளையும் கைப்பேசிகளையும் வாடகைக்கு விட்டே உலகறிந்த நிறுவனமாயிற்று. நம்முள் எத்தனையோ பேருக்கு முதற்சம்பளம் இந்தச் சோதனைத் தொழிலிலிருந்துதான் வரப்போகிறது.

ஒரே நிரல், ஒரே சோதனை. ஒரு முறை தேறுகிறது, மறுமுறை தோற்கிறது. இதைத் தொழிலில் 'ஃப்ளேக்கி' என்கிறார்கள். கூகுள் நிறுவனத்தார் 2016-ல் தங்கள் வீட்டுக் கணக்கை வெளியிட்டார்கள்: சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் இந்த நிலையாமை ஓரளவேனும் இருந்தது. அத்தனை ஆளும் பொருளும் உள்ள இடத்திலேயே இந்நிலை என்றால், நோய் இருப்பதற்காக நாம் நாணவேண்டியதில்லை. நோயை மறைப்பதற்குத்தான் நாணவேண்டும்.

மறைப்பது எப்படி நிகழ்கிறது? பிளேரைட்டில் புதிய திட்டம் தொடங்கினால் அதுவே ஓர் அமைப்புக் கோப்பை எழுதித் தருகிறது. பொதுக் கணிப்பொறியில் ஓடும்போது, தோற்ற சோதனையை இரண்டு முறை வரை மீண்டும் ஓட்டு என்கிறது அக்கோப்பு. 'டிரேஸ்' எனும் தடத்தையோ முதல் மறு ஓட்டத்தில் பதிவுசெய் என்கிறது. தடம் என்பது அருமையான பொருள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் முன்னும் பின்னும் பக்கம் எப்படி இருந்தது, எந்த வேண்டுகோள் சென்றது, என்ன மறுமொழி வந்தது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பாருங்கள், தோற்றது முதல் ஓட்டம். பதிவானது இரண்டாம் ஓட்டம்! திருடன் போனபின் வாசலில் காவலர் நின்றது போலாயிற்று.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சோதனை தோற்றவுடன் டெஸ்ட் ரன்னர், அதை ஓட்டிய வொர்க்கரை உலாவியோடு சேர்த்து எறிந்துவிட்டுப் புதியதொன்றைத் தொடங்குகிறது. முந்தைய சோதனை அந்த வொர்க்கரின் நினைவகத்தில் எச்சமாக விட்டுச் சென்ற ஏதோவொன்று தோல்விக்குக் காரணமாயின், அந்த எச்சமும் அதோடு அழிகிறது. கழுவித் துடைத்த வீட்டில் மறு ஓட்டம் இனிதே தேறுகிறது. தேறிய ஓட்டத்தின் தடத்தை எத்தனை முறை புரட்டினாலும் நோயின் காரணம் அதில் இராது. அதற்கு மேல், இப்படித் தேறியதை 'ஃப்ளேக்கி' என்று தனியே குறித்தாலும், மொத்தத்தில் ஓட்டம் வெற்றி என்றே ரன்னர் அறிவிக்கிறது. அந்தச் சிறு குறிப்பைப் படிப்பவர் யார்?

நம் நாட்டுக்கே உரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. விண்ணப்பத் தேதியைச் சரிபார்க்கும் சோதனையை விடுதியில் இரவு ஒரு மணிக்கு ஓட்டுகிறோம். தோற்கிறது. அலுத்துப்போய்த் தூங்கிவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு ஓட்டினால் தேறுகிறது. பேயா, பிசாசா? ஒன்றுமில்லை. நம் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. சர்வரின் கடிகாரமோ பொது நேரத்தில் ஓடுகிறது. நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை நமக்கு இன்று, அதற்கு நேற்று. இரவில் தோற்ற ஓட்டத்தின் தடம் இருந்தால், மறுமொழியில் வந்த தேதியைப் பார்த்த அளவிலே புதிர் அவிழும். இல்லையேல், கடைசி நாள் பிறந்த நள்ளிரவில் கைப்பேசியைத் திறக்கும் தாராவிப் பெண்ணுக்குத்தான் அது தவறான தேதியைக் காட்டும். அவளிடம் மறு ஓட்டப் பொத்தான் இல்லை.

இது கற்பனைக் கவலையன்று. 2017-ல் மும்பைப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 17 இலட்சம் விடைத்தாள்களைக் கணிப்பொறித் திரையில் திருத்தும் முறையைப் புகுத்தியது. ஆளுநர் விதித்த ஜூலை 31 கெடு கடந்தது. மேற்படிப்புக்கு விண்ணப்பித்த மாணவர்கள் மதிப்பெண் இல்லாமல் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த மாதங்களில் மாணவன் கேட்ட கேள்வி ஒன்றே: என் தாள் எங்கே? அது தடத்தைக் கேட்ட கேள்வி அன்றோ!

தடம் பிடித்தால் வட்டு நிரம்பும், ஓட்டம் மெதுவாகும் என்பார்கள் சில நண்பர்கள். உண்மைதான். ஆயினும் எல்லா ஓட்டத்தையும் சேமித்துவைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, தேறியதை அழித்து, தோற்றதை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி பிளேரைட்டிலேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரே வரியை மாற்றவேண்டும். சற்று மெதுவாக ஓடட்டுமே! காரணமறியாத் தோல்வியைத் தேடி இரண்டு இரவு விழிப்பதை விட அது மலிவு.

மறு ஓட்டத்தை அடியோடு ஒழிக்கச் சொல்லும் தீவிரவாதி நானல்லன். வலைத் தொடர்பு அறுந்துபோவதும் உலகில் உண்டு. பொதுக் கணிப்பொறியில் ஒரு மறு ஓட்டம் இருக்கட்டும். சொந்தக் கணிப்பொறியில் ஒன்றும் வேண்டாம். 'மூன்று விநாடி காத்திரு' என்று குருட்டுக் கணக்கில் எழுதாமல், இன்னது திரையில் தோன்றும்வரை காத்திரு என்று எழுதப் பழகுவோம். ஃப்ளேக்கி என்று குறி விழுந்த சோதனைக்குப் பொறுப்பாளர் பெயரொன்று எழுதப்படட்டும். இவ்வாண்டு இறுதித் திட்டத்தைக் குழுவாகச் செய்யும் தோழர்கள் அந்தப் பெயர்ப்பட்டியலை ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டிவைத்து, வெள்ளிக்கிழமைதோறும் தோற்ற தடங்களை ஒன்றாக அமர்ந்து திறந்து பார்க்கலாம். ஒரு மணி நேரம் போதும்.