நாணமும் மௌனமும்

பள்ளிக்கூடங்களில் பாலியல் கல்வி என்ற பேச்சு எழும்போதெல்லாம், பெற்றோர் உள்ளத்தில் ஓர் அச்சம் குடிபுகுவது இயல்பே. அறியாத பிள்ளைக்கு அறிவித்துவிட்டால், அதுவே ஆசையைத் தூண்டிவிடாதா என்கிறார்கள். 2007-ஆம் ஆண்டில் மராட்டியம், குஜராத், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியதற்கும் இத்தகைய அச்சமே பெரிதும் காரணமாயிற்று.

ஆனால், பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, இக்கல்வியால் இளையோரிடம் பாலுறவு நாட்டம் பெருகுவதில்லை என்றே கூறுகிறது. அதே 2007-இல் வெளிவந்த இந்திய அரசின் ஆய்வொன்றில், வினவப்பட்ட சிறார்களுள் நூற்றுக்கு 53 பேர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவர்களுள் மிகப் பலர் அதை எவரிடமும் சொன்னதில்லை. வாசகரே, வீட்டில் அதற்குரிய சொல்லே வழங்காதபோது, அப்பிள்ளை எந்தச் சொல்லால் முறையிடும்?

நாணம் ஈமானின் ஒரு கிளை, ஐயமில்லை. ஆயினும் நாணம் வேறு, மௌனம் வேறு. கனவு கண்ட பெண்ணுக்குக் குளிப்புக் கடமையா என்று உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் வினவினார்கள். பெருமானார் கடிந்துகொள்ளவில்லை; தெளிவாக விடையளித்தார்கள். மார்க்கத்தை அறிய நாணம் தடையாகவில்லை என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள்.

விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த வாலிபரின் நிகழ்ச்சியையும் எண்ணிப் பாருங்கள். சூழ இருந்தோர் அவரை அதட்டினர். அண்ணலாரோ அருகே அழைத்து அமர்த்தி, "உம் தாய்க்கு இதை விரும்புவீரா? மகளுக்கு? சகோதரிக்கு?" என்னும் கருத்துப்பட ஒவ்வொன்றாய்க் கேட்டார்கள். பின் அவர்மீது கரம் வைத்துத் துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் உள்ளம் அப்பக்கம் திரும்பவேயில்லை. ஓர் இளைஞரின் மனப்போக்கை மாற்றியது அதட்டலா, அன்போடு கேட்ட கேள்வியா?

நோயின் பெயரையும் உடலின் மாற்றத்தையும் பள்ளி ஆசிரியர் சொல்லித் தரட்டும். ஹலால், ஹராம் என்ற வரம்பை அவரிடம் எதிர்பார்ப்பது முறையன்று. அது தந்தையின் பொறுப்பு, தாயின் பொறுப்பு. நம் மக்தபுகளிலோ, கடமையான குளிப்பின் பாடம் வந்ததும் உஸ்தாதுமார் சிலர் ஏட்டை விரைந்து புரட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் அவர்கள் சற்று நின்றால் என்ன?