காட்டுக் கணக்கைப் பிரித்து எழுதுங்கள்

லட்சத்தீவின் நிலப்பரப்பு எல்லாத் தீவுகளையும் சேர்த்தே சுமார் 30 சதுர கிலோமீட்டர்தான். அங்கே பெரும்பாலும் நிற்பது தென்னை. ஆனால் டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் வெளியிடும் அறிக்கையில், அந்தத் தீவுகளின் நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வனப்பரப்பு. நாட்டிலேயே மிக அதிக விகிதத்தில் காடு உள்ள பகுதி அதுதான் என்று கணக்கு சொல்கிறது. இதில் செயற்கைக்கோள் செய்த பிழை எதுவும் இல்லை. ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தில், மேலிருந்து பார்க்கும்போது மரங்களின் தலைப்பரப்பு பத்தில் ஒரு பங்கையாவது மூடியிருந்தால் அது வனப்பரப்பு என்பது அறிக்கையின் விதி. நிலம் யாருடையது, எதற்குப் பயன்படுகிறது, என்ன மரம் என்ற கேள்விகளுக்கு அந்த விதியில் இடமில்லை. பழத்தோட்டம், மூங்கில், பனை, தென்னை எல்லாம் அதில் அடக்கம். அந்த விதிப்படி பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் வனப்பரப்பு, களக்காட்டு மழைக்காடும் வனப்பரப்பு. இரண்டையும் ஒரே தொகையில் கூட்டி எழுதுவதை நிறுத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

2024 டிசம்பரில் வெளியான 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். மொத்த நிலத்தில் 21.76 சதவீதம். முந்தைய அறிக்கையைவிட 156 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்பது தலைப்புச் செய்தியானது. இந்த 156 எப்படி வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இது நிகரத் தொகை. ஓரிடத்தில் நூறாண்டுக் காடு வெட்டப்பட்டு, வேறோர் இடத்தில் அதே அளவுக்குச் சவுக்கோ தைலமரமோ வளர்ந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போலக் கணக்கு நேராகிவிடும். மொத்த வனப்பரப்பில் ஏறத்தாழ 5.2 லட்சம் சதுர கிலோமீட்டர் மட்டுமே அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலத்துக்குள் இருக்கிறது. மீதமுள்ள இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பரப்பு அதற்கு வெளியே இருப்பது. அதில் உண்மையான காடும் உண்டு. தோப்பும் தோட்டமும் நிறைய உண்டு. எது எவ்வளவு என்று அந்த ஒற்றைச் சதவீதம் சொல்வதில்லை.

செயற்கைக்கோள் எப்படிப் பார்க்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பச்சை இலை சூரிய ஒளியின் சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் அந்த நிலத்தில் எவ்வளவு இலை இருக்கிறது என்று தெரிந்துவிடும். வனக் கணக்குக்குப் பயன்படும் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 கருவிக்கு, 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர் நிலம் ஒரு புள்ளி. நம் கணக்கில் பதிமூன்றரை சென்ட். அந்தப் பதிமூன்றரை சென்டுக்குள் நிற்பது தேக்கா, நாவலா, ரப்பரா என்பது ஒரே நாளில் எடுத்த ஒரு படத்தில் எளிதில் பிடிபடாது. இலை இருக்கிறது என்பது மட்டும் துல்லியமாகப் பிடிபடும். எளிதில் பிடிபடுவதை மட்டும் எண்ணிவிட்டு அதற்குக் காடு என்று பெயர் வைத்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் பழனி மலை. கொடைக்கானலைச் சுற்றிய உயர்மலைப் பகுதியின் இயற்கை அமைப்பு இரண்டு அடுக்கு கொண்டது: பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடு, மேடுகளில் திறந்த புல்வெளி. மழைநீரை உறிஞ்சிவைத்துக் கோடையிலும் கசியவிடுவதில் இந்தப் புல்வெளிக்கும் சோலைக்குச் சமமான பங்கு உண்டு. வைகைக்கும் அமராவதிக்கும் போகும் ஓடைகள் பல இங்கேதான் பிறக்கின்றன. நம் மாநில விலங்கான வரையாடு வாழ்வதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய புல்வெளிகளில்தான். வெள்ளையர் காலத்தில் கொண்டுவரப்பட்ட சீகை மரமும் தைலமரமும் பைனும், விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் ஆலைகளின் கூழுக்காகவும் இங்கே பரவலாக நடப்பட்டன. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் 2018-இல் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் வெளியிட்ட முடிவு திடுக்கிட வைப்பது: நாற்பதாண்டில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த இடத்தில் மரத்தோட்டமும் விவசாயமும் வந்துவிட்டன. வன அறிக்கையின் கண்ணில் புல்வெளி வனப்பரப்பே இல்லை. மரம் பத்தில் ஒரு பங்கை மூடவில்லையே. ஆகவே புல்வெளியைச் சீகை விழுங்கும்போது அறிக்கையில் காடு கூடுகிறது. மலை வறண்டுகொண்டிருக்கும்போது கணக்கு செழித்துக்கொண்டிருக்கிறது.

இதன் விளைவு காகிதத்தோடு நின்றுவிடாது. அயல் தாவரங்களை அகற்றுவது தமிழ்நாடு அரசின் கொள்கை. உயர் நீதிமன்றமும் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. சீகையை வேரோடு அகற்றிப் புல்லை மீட்கும் வனத்துறைப் பணியாளர்கள், இன்றைய கணக்குப்படி, காட்டைக் குறைத்தவர்கள். அவர்களுடைய நல்ல வேலை அடுத்த அறிக்கையில் இழப்பாகப் பதிவாகும். இன்னொரு பக்கம், 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப்பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் இலக்கை அளக்கும் கோல் இலையை மட்டும் எண்ணும் என்றால், சீக்கிரம் வளரும் எந்த மரத்தையும் காலியாகத் தெரியும் எந்த நிலத்திலும் நட்டு எண்ணிக்கையை எட்டும் ஆசை வரும். காலியாகத் தெரிவது மேய்ச்சல் நிலமாக, புதர்க்காடாக, புல்வெளியாக இருக்கலாம். எதை அளக்கிறோமோ அதைத்தான் அரசு இயந்திரம் வளர்க்கும்.

வேறு வழியில் கணக்குப் பார்க்க முடியும் என்பதற்குப் பிரேசில் சான்று. அந்நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே 1988 முதல் அமேசான் காட்டழிவை ஆண்டுதோறும் அளந்து வருகிறது. அந்தக் கணக்கில் ஆதிக்காடு மட்டுமே காடு. ஒருமுறை மொட்டையடிக்கப்பட்ட நிலம் கணக்கைவிட்டு நிரந்தரமாக வெளியேறுகிறது. பிறகு அங்கே எது முளைத்தாலும் இழப்பு ஈடுகட்டப்பட்டதாக எழுதமாட்டார்கள். வரைபடங்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. 2004-இல், உடனுக்குடன் எச்சரிக்கை தரும் இன்னொரு ஏற்பாடும் வந்தது. அந்த ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த அழிவு 2012-இல் 4,571-ஆகக் குறைந்தது. சட்டம், காவல், கடன் கட்டுப்பாடு என்று பல காரணங்கள் சேர்ந்துதான் இது நடந்தது என்றாலும், எந்த இடத்தில் வெட்டு நடக்கிறது என்று தெரியாமல் அவற்றில் எதுவும் பலித்திருக்காது. 2019-இல் அதிபர் போல்சனாரோ இந்தப் புள்ளிவிவரத்தைப் பொய் என்றார். நிறுவனத் தலைவர் ரிக்கார்டோ கால்வாவ் பதவி இழந்தார். ஆனால் படம் பொதுவெளியில் இருந்ததால் உண்மையை மறைக்க முடியவில்லை. அவ்வாண்டு இறுதியில் வந்த கணக்கு, பத்தாண்டுகளில் காணாத அழிவைக் காட்டியது. கணக்கு திறந்திருந்தால் அரசு மாறினாலும் அது நிற்கும்.

இயற்கைக் காட்டையும் தோட்டத்தையும் படத்தில் பிரிக்க முடியாது என்பார்கள். ஒரே ஒரு படத்தில் கடினம்தான். ஆனால் ஆண்டு முழுவதும் எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால், ரப்பர் இலையுதிர்க்கும் மாதமும் இலையுதிர் காடு துளிர்க்கும் மாதமும் வெவ்வேறாகத் தெரியும். தைலமரம் வெட்டப்பட்டுத் தழைக்கும் சுழற்சியும் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, பத்து மீட்டர் நுணுக்கத்தில், இலவசமாகப் படம் தருகின்றன. ஐம்பதாண்டுக்கு முந்தைய மங்கலான லேண்ட்சாட் படங்களை வைத்தே பழனி மலையில் பிரித்துக் காட்டினார்களே! தோப்பு வைத்த விவசாயியின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகாதா என்ற கேள்வியும் எழும். தனிப் பத்தியில் எழுதினால் அவருடைய பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்கு ஊக்கத்தொகை கேட்கவும் ஆதாரம் கிடைக்கும். தோப்பும் கரியைப் பிடித்துவைக்கிறது, நிழல் தருகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தோப்பைக் காட்டி, அழிந்த சோலைக்குக் கணக்கு முடிக்கக் கூடாது.

பாதுகாப்புக் காரணம் சொல்லி வரைபடத்தை மூடிவைக்க இனி முகாந்திரமில்லை. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் உலகுக்கே இலவசம். நம் மத்திய அரசே 2021 பிப்ரவரியில் வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டது. அதே வன ஆய்வு நிறுவனம் காட்டுத்தீ எச்சரிக்கையைக் கைபேசி எண்ணைப் பதிவு செய்யும் எந்தக் குடிமகனுக்கும் அனுப்புகிறது. தீயைப் பற்றிச் சொல்ல முடிகிறவர்களுக்கு மரம் வெட்டப்பட்டதைச் சொல்வதில் என்ன தடை? இதில் கவனமாகக் கையாள வேண்டியது ஒன்றுண்டு. படத்தைப் பழங்குடி மக்களுக்கு எதிரான ஆயுதமாக்கிவிடக் கூடாது. வன உரிமைச் சட்டத்தின் 2012 விதித் திருத்தம், செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்று சொல்கிறது. மலைச்சரிவில் ராகி விதைக்கும் குடும்பத்தின் உரிமையைப் பதிமூன்றரை சென்ட் புள்ளி தீர்மானிக்க முடியாது. கிராம சபை அந்த வரைபடத்தைப் பார்த்து, திருத்தி, ஒப்புதல் தரும் இடத்தில் இருக்க வேண்டும்.

டேராடூனுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் தமிழ்நாட்டுக்கு இல்லை. சென்னையிலும் கோவையிலும் தொலையுணர்வு கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன, படங்கள் இலவசம், களம் தெரிந்த வனக்காவலர்களும் இருக்கிறார்கள். சோலை, பிற இயற்கைக் காடு, புல்வெளி, மரத்தோட்டம், விவசாயத் தோப்பு என்று தனித்தனியாகப் பிரித்து, ஆண்டுதோறும் ஊராட்சி அளவில் வரைபடத்தோடு வெளியிடும் கணக்கை மாநில அரசு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கட்டும். முதல் வரைபடம் பழனி மலைக்கும் நீலகிரிக்கும் வரட்டும். 33 சதவீத இலக்கில் எத்தனை சதவீதம் காடு என்பதையும் சட்டமன்றத்தில் சொல்லட்டும்.