பெற்ற மகளுக்குப் பிறமொழிப் பெயரா?



பேர்த்தியின் பெயரைப் பாட்டியின் நாவால் பலுக்க இயலாத காலம் வந்துவிட்டது. மிகைபடக் கூறுகின்றேன் என எண்ணாதீர்கள். வாசுதேவநல்லூரில், என் வீட்டுத் திண்ணையில், என் கண்முன் நிகழ்ந்ததையே எழுதுகின்றேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இன்று ஒரு பெண்மகவின் தந்தை. தன் தாயையும் குழந்தையையும் உடனழைத்துக்கொண்டு சென்ற திங்கள் வந்திருந்தான். “ஐயா, பாப்பாவுக்குப் பல்வாசா என்று பெயர் பார்த்திருக்கின்றோம். ஆப்கானித்தானத்துப் பெயராம். இந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் இல்லை. பொருள்தான் தெரியவில்லை, நீங்கள் சொல்ல வேண்டும்” என்றான். பெயரை முன்னர்த் தேர்ந்து பொருளைப் பின்னர்த் தேடும் விந்தையைக் கண்டீர்களா!

நான் வாய் திறக்குமுன் அவன் தாயார் முந்திக்கொண்டார். “பலவேசமாய்யா? அது ஆம்பளப் பேருல்லா? எங்க மாமாவுக்கும் அந்தப் பேருதான்.”

மகன் முகம் சுருங்கிற்று. எனக்கு நகைப்பு வந்தது. நகைப்பின் பின்னே நெஞ்சு கனத்தது. அந்த அம்மையாரின் பெயர் என்ன தெரியுமா? குழல்வாய்மொழி! குற்றாலத்து இறைவியின் பெயர். குழலின் இனிமை வாய்ந்த மொழியாள் என விரியும் அப்பெயருக்கு ஈடாக எந்த நாட்டில் எந்தப் பெயர் உண்டு? அத்தகைய பெயரைத் தாங்கியவரின் வாய்மொழிக்கே எட்டாத பெயரை அவர் பேர்த்திக்குச் சூட்டப் பார்க்கின்றோம்!

கேட்டவனுக்குப் பொருள் கூறுவது ஆசிரியன் கடன், கூறினேன். பல்வாசா என்பது பசுத்தூ மொழிச்சொல். கதிர், ஒளிக்கற்றை என்பது பொருள். ஆப்கானித்தானத்திலும் பாக்கித்தானத்தின் வடமேற்கிலும் வாழும் பசுத்தூன் மக்கள் தம் பெண்மக்களுக்கு இடும் பெயர். நமக்குத்தான் அஃது அரிய பெயர். அவர்களுக்கு அது வீட்டுப் பெயர். நம் கதிர்ச்செல்வியையும் சுடர்க்கொடியையும் போன்றது.

இங்கேதான் நம்மவர் கண் திறக்க வேண்டும். அப்பெயர் ஏன் இனிக்கின்றது? பசுத்தூன் தாயொருத்தி, தான் பேசும் மொழியில், தன் மகளைக் ‘கதிரே’ என்று விளித்தாள், அதனால் இனிக்கின்றது. அவள் அயல்மொழிப் பெயரைத் தேடி அலையவில்லை. அவளிடமிருந்து நாம் கற்க வேண்டியது அந்தத் தாய்மொழிப் பற்றை. நாமோ பற்றை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கவர்ந்து வருகின்றோம்! பழத்தை எறிந்துவிட்டுத் தோலைத் தின்பவனை என்னென்பது?

அம்மக்களின் மற்றொரு பெயரை நோக்குங்கள். 1880 சூலை 27-இல் மைவந்து என்னுமிடத்தில் வெள்ளையர் படையை ஆப்கானியர் முறியடித்தனர். அப்போரில் தளர்ந்த தம் மறவரை ஓர் இளம்பெண் தன் முக்காட்டையே கொடியாக உயர்த்தி ஊக்கினாள் என்றும், களத்திலேயே வீழ்ந்தாள் என்றும் அம்மக்கள் வழிவழியாகக் கூறுவர். அவள் பெயர் மலாலை. துயருற்றவள் என்பது அதன் பொருளாம். துயரப் பொருளுடைய பெயராயிற்றே என்று அவர்கள் அதனை ஒதுக்கவில்லை. நூறாண்டுக்கு மேல் கடந்தபின், 1997-இல், பாக்கித்தானத்துச் சுவாத்துப் பள்ளத்தாக்கில் பசுத்தூன் தந்தையொருவர் தம் மகளுக்கு அவள் நினைவாகவே பெயரிட்டார். அம்மகளே பெண்கல்விக்காக 2012-இல் குண்டடிபட்டு, 2014-இல் தம் பதினேழாம் அகவையில் நோபல் பரிசு பெற்ற மலாலா.

நம்மிடம் மலாலைக்கு நிகரானார் இலரோ? அவளுக்குச் சரியாக நூறாண்டு முன்னர், 1780-இல், வெள்ளையரிடமிருந்தும் நவாபிடமிருந்தும் சிவகங்கையை மீட்டவர் வேலு நாச்சியார். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கொண்ட மாணவி ஒருத்தியும் இல்லை. இருப்பன தர்சினி, வர்சினி, அர்சினி எனும் வால்களே. வெள்ளையனுக்கு இறை செலுத்த மறுத்த பூலித்தேவனின் நெற்கட்டுஞ்செவலை அண்மையில் கொண்ட எம்மூரில் இந்நிலை! ஊர்ப்பெயரின் முற்பாதியை வடமொழி கொண்டது. பிற்பாதியாகிய ‘நல்லூர்’ மட்டும் எஞ்சி நின்றது. மக்கட் பெயரில் அந்தப் பாதியும் எஞ்சவில்லை.

இன்னும் ஒன்று கேளுங்கள். அதே ஆப்கானித்தானத்தில் பெண்ணின் பெயரைப் பிறர் முன் கூறுவதே இழிவெனக் கருதும் வழக்கம் உண்டு. திருமண அழைப்பில் மணமகளின் பெயர் இராது. கல்லறையிலும் பலர்க்குப் பெயர் இராது. ‘என் பெயர் எங்கே?’ என்று 2017-இல் அந்நாட்டுப் பெண்கள் முழக்கமிட்டனர். 2020 செபுதம்பரில் அடையாள அட்டையில் தாயின் பெயரும் இடம்பெறச் சட்டம் திருத்தப்பட்டது. மறு ஆண்டே தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். வளர்ந்த பெண்மக்களுக்குப் பள்ளிக் கதவுகள் சாத்தப்பட்டன. தம் பெயர் ஒலிக்க வேண்டுமென்று அங்கே பெண்கள் போராடுகின்றனர். எத்தடையும் இல்லாத நாமோ, நம் பாட்டியர் பெயரை நாமே அழிக்கின்றோம்! அவர்களுடைய போராட்டத்தை அறியாமல் பெயரின் புதுமையை மட்டும் விரும்புவது அம்மக்களுக்கும் சிறப்பாகாது, நமக்கும் ஆகாது.

“எல்லா ஊரும் நம் ஊர்தானே, எல்லாரும் நம் உறவினர்தாமே, எம்மொழிப் பெயராயின் என்ன?” எனச் சிலர் சங்கப் பாட்டையே நம்மீது எறிவர். அப்பாட்டைப் பாடியவரின் பெயரை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கணியன் பூங்குன்றன்! தூய தமிழ்ப் பெயரைத் தாங்கியிருந்ததால் அவருடைய உலக நோக்கு எள்ளளவும் குறைந்ததா? தன் வீட்டு வாயிலில் நிற்பவனே ஊரை ‘வருக’ என அழைக்க இயலும்.

“சமயத்தால் பிறமொழிப் பெயர் கொண்டோரை விலக்குகின்றீரா?” என்பாரும் உளர். ஒருபோதும் இல்லை. அரபுப் பெயரோடு முத்தைச் சேர்த்துப் பாத்திமுத்து என்று மகளை அழைத்த நம் இசுலாமிய அன்னையர், நெறி வேறு மொழி வேறு எனத் தெளிந்தவர்கள். நான் வினவுவது நெறியும் இல்லாமல், பொருளும் அறியாமல், ‘ஒருவருக்கும் இல்லாதது’ என்னும் ஒன்றற்காகவே பெயர் தேடுவோரை. எண்கணியன் சொற்கேட்டு எழுத்தை இரட்டிப்போரை.

அரிய பெயர்தான் வேண்டுமா? அயல்நாடு செல்ல வேண்டா. தென்காசி மாவட்டத்தைச் சுற்றி வாருங்கள். குற்றாலத்தில் குழல்வாய்மொழி, தென்காசியில் உலகம்மை, சங்கரன்கோவிலில் ஆவுடையம்மை. கோமதி என்னும் வடசொல்லும் ஆவுடையாள் என்னும் தமிழ்ச்சொல்லும் ஒரே பொருளன. முன்னது நாகரிகமென்றும் பின்னது நாட்டுப்புறமென்றும் நமக்குக் கற்பித்தவன் எவன்? சங்கப் பாவலரைப் பாருங்கள்: வெள்ளிவீதி, பொன்முடி, நக்கண்ணை, நச்செள்ளை, நப்பசலை. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இப்பெயர்கள் இன்று எந்தப் பள்ளியிலும் புதுமையாகவே ஒலிக்கும்!

வேதாசலமாய் இருந்து மறைமலையான அடிகள், தம் மகள் திரிபுரசுந்தரியை முந்நகரழகி ஆக்கினார். சங்கரன்கோவிலில் 1902-இல் பிறந்த தேவநேசனே தேவநேயப் பாவாணராகித் தமிழ்ச்சொற்களின் வேரை அகழ்ந்து காட்டினார். அவர் பிறந்த மண்ணுக்கு அருகிலிருந்துகொண்டு நாம் பெயர் இரக்கலாமா?

ஊருக்கு உரைப்பவன் தன் குற்றத்தை மறைத்தல் கூடாது. 1998-இல் என் மூத்த மகள் பிறந்தபோது, பெரியோர் வற்புறுத்தலுக்குத் தளர்ந்து வடமொழிப் பெயரிட்டேன். இளையவளுக்குக் கயல்விழி எனப் பெயரிட்டேன். மூத்தவள் பன்னிரண்டு அகவையில் ஒருநாள், “தங்கைக்கு மட்டும் தமிழ்ப் பெயர் வைத்தீர்களே அப்பா, எனக்கு ஏன் வைக்கவில்லை?” என்றாள். வகுப்பில் எத்தனையோ வினாக்களுக்கு விடை சொன்ன எனக்கு அன்று விடை வரவில்லை. அந்த நாணத்தோடுதான் இன்று எழுதுகின்றேன்.

மாணவனிடம் கூறினேன்: “தம்பி, கதிர் என்னும் பொருள் உனக்குப் பிடித்திருக்கின்றது. உன் தாயின் பெயரில் மொழி இருக்கின்றது. இரண்டையும் சேர். கதிர்மொழி!” அந்த அம்மையார் குழந்தையின் முகத்தருகே குனிந்து, “கதிர்மொழி, ஏட்டீ கதிர்மொழி!” என்றார். ஒருமுறைகூட நாத் தடுமாறவில்லை. “மனைவியிடம் கேட்டுச் சொல்கின்றேன் ஐயா” என்று அவன் விடைபெற்றான். பெற்றவளைக் கேட்பதே முறை. நானும் அதனையே சொன்னேன்.

இதனைப் படிக்கும் இளம்பெற்றோரே! பெயரின்றிப் பதிந்த பிறப்புக்கு, பதிந்த நாளிலிருந்து 12 திங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். காலத்தாழ்வுக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரையும் சேர்க்கலாம். வளர்ந்தோர் அரசிதழ் வழியாகப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே விரைய வேண்டா. எண்கணியன் வீட்டுக்கும் போக வேண்டா. குழந்தையை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள முதியவளிடம் செல்லுங்கள். அவள் தடுமாறாமல் அழைக்கும் பெயரை, பொருள் தெரிந்த பெயரை, தமிழில் சூட்டுங்கள்!

பெயரில் தோற்ற இனம் பிறிதெதில் வெல்லும்?